மென்பொருள் வேலைக்கு நேர்முகப் பரீட்சை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லீட்கோடில் (நிரல் எழுதிப் பழகும் இணையத்தளம்) நிறையக் கணக்குகள் போட்டுவிட்டேன். வீட்டில் இருந்து செய்யும்போது வருகிறது. நேர்முகப் பரீட்சையில் கேள்வியைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோகிறது. இன்னும் எத்தனை கணக்குப் போட வேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: புதிதாக எதுவும் வேண்டாம். போட்டதையே திரும்பப் போடுங்கள். அரை மணி நேரம் முட்டிமோதி, கடைசியில் விடையைப் பார்த்து, “ஓ, இதுதானா” என்று மூடிவைத்த கணக்கு உங்களுக்குத் தெரிந்த கணக்கு அல்ல. மூன்று நாள் கழித்து அதையே வெறும் நோட்பேடில், விடையைப் பார்க்காமல் எழுதுங்கள். எடிட்டர் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்காதபோதுதான் எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரியும். பல இடங்களில் கூகுள் டொக்கிலோ வெள்ளைப் பலகையிலோதான் எழுதச் சொல்வார்கள்.

இன்னொன்று, வாய். வீட்டில் பேசாமல் கணக்குப் போட்டுப் பழகியவருக்குப் பரீட்சை அறையில் பேசிக்கொண்டே யோசிப்பது புது வேலை. மறதியில் பாதி அங்கேதான் வருகிறது.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். “கடையொன்றின் விலைப் பட்டியல் இருக்கிறது. 600 ரூபாய் வவுச்சருக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு பொருட்களைக் கண்டுபிடியுங்கள்.” உடனே விசைப்பலகையில் கை வைக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் கேளுங்கள்: ஒரே பொருளை இரண்டு முறை எடுக்கலாமா? பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறதா? சோடி இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தர வேண்டும்? எத்தனை பொருட்கள் இருக்கும்?

கடைசிக் கேள்வி முக்கியம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் போட்டு, ஒவ்வொரு பொருளையும் மற்ற எல்லாவற்றுடனும் சேர்த்துப் பார்த்தால் விடை வரும். அதை முதலில் வாயால் சொல்லிவிடுங்கள். பட்டியலில் 100 பொருள் என்றால் அதுவே போதும். ஒரு இலட்சம் என்றால் ஏறத்தாழ 500 கோடி சோடிகளை ஒப்பிட வேண்டி வரும். “அதனால் ஹாஷ்மேப் பயன்படுத்துகிறேன், நேரம் குறையும், பதிலுக்கு நினைவகம் கூடும்” என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினால், கேட்பவருக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. (ஹாஷ்மேப் என்பது பார்த்த விலைகளைக் குறித்து வைத்து, வேண்டியதை உடனே தேடித் தரும் அமைப்பு.)

இங்கே வழக்கமாக விழும் பிழை ஒன்று உண்டு. விலைகள் 300, 500, 100, ஒரே பொருளை இரண்டு முறை எடுக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். 300ஐ ஹாஷ்மேப்பில் போட்டுவிட்டு “600க்கு இன்னும் 300 வேண்டும், இருக்கிறதா?” என்று தேடினால், “இருக்கிறது” என்று வரும். அது அந்தப் பொருளேதான். முதலில் தேட வேண்டும், பிறகுதான் போட வேண்டும். அப்படிச் செய்தால் 300க்குச் சோடி இல்லை, 500க்கும் இல்லை, 100க்கு 500 கிடைக்கும். உண்மையாகவே 300 ரூபாய்ப் பொருட்கள் இரண்டு இருந்தாலும் அதே நிரல் சரியாக வேலை செய்யும்.

எழுதி முடித்ததும் இப்படி மூன்று நான்கு எண்களை வைத்து வரிவரியாக ஓட்டிக் காட்டுங்கள். 45 நிமிடப் பரீட்சையில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். பிழையை அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே பிடித்தால் அது குறையாகத் தெரியாது. இடையில் அவர்கள் ஒரு குறிப்புக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். “இல்லை, என் வழிதான்” என்று மல்லுக்கு நிற்பவருடன் யார்தான் வேலை செய்ய விரும்புவார்?

கேள்வி: மட்டக்களப்பில் தமிழ் மொழிமூலம் படித்தவள். இப்போது வெள்ளவத்தையில் தங்கியிருந்து வேலை தேடுகிறேன். விடை தெரிந்தாலும் ஆங்கிலத்தில் விளக்கும்போது திக்குகிறது. என்ன செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்களுக்குத் தேவைப்படும் ஆங்கிலம் நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரியதல்ல. ஒரே மாதிரியான முப்பது நாற்பது வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். “லெட் மீ ட்ரை எ ஸ்மோல் எக்ஸாம்பிள் ஃபர்ஸ்ட்”, “கேன் ஐ அஸ்யூம் த லிஸ்ட் இஸ் சோர்ட்டட்?” போன்றவற்றை உங்கள் வாயில் வரும்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு பழைய கணக்கை எடுத்து, இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கி, ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். பெரும்பாலும் இலக்கணத்தால் நிற்க மாட்டீர்கள். அடுத்த படி எது என்ற தெளிவு இல்லாததால்தான் நிற்பீர்கள்.

கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்பதில் குற்றமில்லை. தாளும் பேனையும் கேட்டு வாங்கிப் படம் வரையுங்கள். எதிரே தமிழர் ஒருவர் இருந்தாலும் அவராகத் தமிழுக்கு மாறினாலன்றி நீங்கள் மாற வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது போகும், மதிப்பெண் போடுவது அவராகவும் இருக்கலாம்.

கேள்வி: ஜாவா, எஸ்கியூஎல் (தரவுத்தளத்தில் தேடும் மொழி) இரண்டிலும் பொறி வைத்துக் கேட்பார்களாமே?
– வாசகர், தெகிவளை

பதில்: சிலர் கேட்பார்கள். இரண்டு உதாரணம். ஜாவாவில் இரண்டு இன்டிஜர் (முழு எண்) பொருள்களில், அதாவது ஒப்ஜெக்ட்களில், 127ஐ இட்டு இரட்டைச் சமன்குறியால் (==) ஒப்பிட்டால் ‘ட்ரூ’ வரும். 128ஐ இட்டால் ‘ஃபோல்ஸ்’ வரும். -128 முதல் 127 வரையான பொருள்களை ஜாவா முன்கூட்டியே சேமித்து வைத்து அதையே தருவதும், அந்தக் குறி பெறுமதியை ஒப்பிடாமல் ஒரே பொருளா என்று பார்ப்பதும்தான் காரணம். பெறுமதியை ஒப்பிட ஈக்வல்ஸ் பயன்படுத்த வேண்டும்.

எஸ்கியூஎல்லில், ஓடர் எதுவும் போடாத வாடிக்கையாளர்களை ‘நொட் இன்’ (‘இந்தப் பட்டியலில் இல்லாதவை’) வைத்துத் தேடச் சொல்வார்கள். ஓடர் அட்டவணையில் வாடிக்கையாளர் எண் ‘நல்’ (பெறுமதி இல்லாத வெற்றிடம்) ஆக ஒரே ஒரு வரி இருந்தாலும் முடிவு வெறுமையாக வரும். நல்லுடன் எதை ஒப்பிட்டாலும் உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல முடியாததால் எந்த வரியும் தேறாது. ‘நொட் எக்ஸிஸ்ட்ஸ்’ எழுதினால் தப்பலாம்.

கேள்வி: வெளிவாரிப் பட்டம். வேலை அனுபவம் இல்லை. சிவியில் போட ஒரு பஸ் முற்பதிவு புரொஜெக்ட் மட்டும் இருக்கிறது, அதுவும் நான்கு பேராகச் செய்தது. போதுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: போதும், அதை நோண்டிக் கேட்டால் தாங்குவீர்கள் என்றால். “நாங்கள் செய்தோம்” என்று பேசாதீர்கள். உங்கள் பகுதி எது என்று பிரித்துச் சொல்லுங்கள். லொகின் பக்கம் மட்டும்தான் என்றால் அதையே சொல்லுங்கள்.

பிறகு கட்டாயம் வரும் கேள்வி: கொழும்பு–யாழ்ப்பாணம் இரவு பஸ்ஸில் 12ஆம் இருக்கையை இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால்? பெரும்பாலான மாணவர் நிரல்கள் இருக்கை காலியா என்று பார்த்துவிட்டுப் பதிகின்றன. இரண்டு பேருக்கும் ‘காலி’ என்றே தெரியும், இரண்டு பதிவும் ஏறும். பயண எண், இருக்கை எண் இரண்டும் சேர்ந்த யுனிக் கட்டுப்பாட்டைத் (ஒரே சோடி இரண்டாம் முறை பதிய விடாத விதி) தரவுத்தளத்திலேயே போட்டால் இரண்டாவது பதிவு பிழையாகித் திரும்பும்; அந்தப் பிழையைப் பிடித்து “இருக்கை போய்விட்டது” என்று காட்டுங்கள். டிக்கெட் ரத்தானால் அந்த வரி என்னவாகும் என்பது அடுத்த கேள்வி. அதையும் யோசித்து வையுங்கள். இன்றைக்கே போய் உங்கள் நிரலில் இதைத் திருத்தினால், சிவியில் அந்த ஒரு வரிக்கே மதிப்பு வந்துவிடும்.

கேள்வி: வீட்டில் செய்து தரச் சொல்லும் பணிக்கு சட்ஜிபிடி பாவிக்கலாமா?
– வாசகி, மருதானை

பதில்: கூடாது என்று எழுதியிருந்தால் கூடாது. எதுவும் எழுதியிராவிட்டால் மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டுவிடுங்கள். அனுமதித்தாலும், அடுத்த சுற்றில் திரையைப் பகிரச் சொல்லி, “இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன உடையும்?” என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாத வரி எதையும் அனுப்பாதீர்கள்.