ஆயிரம் பிரதி அச்சடிக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் திராட்சை விவசாயிகளைப் பற்றி முதல் நாவல் எழுதியிருக்கிறேன். சொந்தச் செலவில் 1000 பிரதி அச்சடித்து, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியிட ஆசை. சரியாக வருமா?
– வாசகி, கம்பம்

பதில்: ஆயிரம் வேண்டாம், டீச்சர். தமிழ்ப் புத்தகங்களை இப்போது ஐம்பது, நூறு என்றுகூட அச்சடித்துத் தருகிறார்கள். பிரதிக்கு ஆகும் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் விற்ற பிறகு அடுத்த நூறு போட்டுக்கொள்ளலாம். ஓய்வுக்காலப் பணம் கட்டிலுக்கு அடியில் புத்தகக் கட்டாக முடங்குவதைப் பல வீடுகளில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஜனவரியும் எனக்குச் சரியாகப் படவில்லை. பதிப்பாளர்கள், புத்தக விற்பனையாளர்களின் சங்கமான பபாசி நடத்தும் அந்தக் காட்சியை மனதில் வைத்தே பதிப்பகங்கள் புதுப் புத்தகங்களைக் கொண்டுவருகின்றன. அந்தக் குவியலில் ஒரு முதல் நாவல் கண்ணில் படுவது கஷ்டம். தனி ஆளாக அரங்கு பிடிப்பதும் எளிதல்ல, யாராவது ஒரு பதிப்பகத்தின் அரங்கில்தான் வைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அவர்களுக்கு விற்பனைக் கழிவு, வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி. விலை வைக்கும்போதே இரண்டையும் கணக்கில் சேருங்கள்.

கம்பத்திலேயே வெளியிடுங்கள். இத்தனை வருடம் உங்களிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்களே, அந்த பலம் எந்தப் பதிப்பகத்துக்கும் கிடையாது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு முதல் அத்தியாயத்தை உங்கள் குரலிலேயே வாசித்து அனுப்புங்கள். உங்கள் குரலை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அட்டைப்படம் தயாரானதும் முன்பதிவு கேளுங்கள். பணம் கட்டியவர்களின் எண்ணிக்கையோடு விழாவுக்கு ஓர் ஐம்பது சேர்த்தால், அதுதான் முதல் அச்சு.

விழாவில் முதல் பிரதியைச் சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ திராட்சை போட்டிருக்கும் ஒரு விவசாயி வாங்கட்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சேர்த்துச் சொன்னால், உள்ளூர் நிருபர்களுக்குச் செய்தி போட ஒரு காரணம் கிடைக்கும். பேச இருவர் போதும். ஒரு மாதம் முன்பே கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, முழுசாகப் படித்தவரை மட்டும் மேடையேற்றுங்கள். படிக்காமல் வந்து உங்கள் நல்ல மனசைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது உங்கள் உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை. பொன்னாடைக்குப் பதில் ஒரு பிரதி வாங்குங்கள் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். வாசலில் ஒரு மேசை, சில்லறை, ஜிபே அட்டை, பொறுப்பாக ஓர் ஆள்.

அப்புறம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை வாங்கித் தர யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை எழுத்தாளர்களுக்கே நேரடியாக இலவசமாகத் தருகிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நாள் பிடிக்கும் என்பதால் அட்டை வேலைக்கு முன்பே தொடங்குங்கள். புத்தகம் வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வைப்பு நூலகங்களுக்கு, அதாவது வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெற்றுப் பாதுகாக்கும் நூலகங்களுக்கு, பிரதி அனுப்ப வேண்டும், 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

சென்னைக்கு அடுத்த அச்சோடு போகலாம். அதற்கு முன் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் தருவார்களா என்று மாவட்ட நூலக அலுவலரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.