மறு: டி-ஷர்ட்டோடு ஆராதனைக்குப் போகலாமா?

தம்பி, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி டி-ஷர்ட்டோடு சர்ச்சுக்குப் போனதற்கு வாசலில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார், இனி போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடமும் அழுக்குத்துணி ஏழைக்குக் காலடியும் காட்டுகிறவர்களைத்தான் பைபிளில் யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. 1 தீமோத்தேயு 2:9 அடக்கமான உடை கேட்கிறது, சரி. ஆனால் அங்கே வேண்டாம் என்பதில் பொன்னும் முத்தும் விலையுயர்ந்த துணியும் இருக்கின்றன. பட்டுச்சேலைகளை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை!

பல பெந்தெகொஸ்தே சபைகளில் வெள்ளை உடுத்தி நகையைக் கழற்றுவார்கள். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடப்பார்கள். அதுபோல அந்தப் பெரியவருக்கு மரியாதையான உடை என்றால் வேட்டி சட்டை.

நான் பைக் பெட்டியில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று வைத்திருப்பேன். பயந்து அல்ல, மெஷின் ஆயில் வாடை பக்கத்தில் உட்கார்பவருக்கு எதற்கு என்றுதான்.