பன்னிரண்டு போதும், தம்பி

அமெரிக்காவில் ஓஹையோவின் கொலம்பஸுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது என்கிறீர்கள். மதியச் சாப்பாட்டு மேஜையில் காலேஜ் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு 12 அணி போதும் என்று ஒருவர், 16 என்று ஒருவர், 24 என்று இன்னொருவர் சண்டை போடுகிறார்கள், "நீ என்ன சொல்கிறாய்?" என்று உங்களையும் இழுக்கிறார்கள். ஐபிஎல்-லில் பத்து அணியில் நாலு பிளேஆஃபுக்குப் போகிறது, கதை முடிந்தது, இதில் என்ன அண்ணா இவ்வளவு தகராறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்த ஊருக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. முதல் நவம்பரில் ஒரு நாள், ஊரிலிருந்து கொண்டுவந்த கருநீல ஸ்வெட்டரையும் மஞ்சள் சட்டையையும் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். லிஃப்டில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அது இந்த ஊர் ஓஹையோ ஸ்டேட் அணியின் பரம எதிரியான மிச்சிகனின் நிறம், அந்த வாரம் இரண்டும் மோதும் மிச்சிகன் வாரம் என்று மத்தியானம்தான் ஒருவர் சொன்னார். அந்த வாரம் பல்கலைக்கழகப் பக்கம் போனால், பெயர்ப் பலகைகளில் உள்ள எம் எழுத்தின்மேலெல்லாம் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். இந்த ஊரில் இது விளையாட்டு மட்டும் இல்லை, கிட்டத்தட்ட ஊர்த் திருவிழா.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஐபிஎல் கணக்கு இங்கே ஒட்டாது. அங்கே பத்து அணியும் தலா 14 ஆட்டம் ஆடுகின்றன, புள்ளிப் பட்டியலே தீர்ப்புச் சொல்லிவிடும். இங்கே மேல் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட காலேஜ்கள். ஆளுக்கு 12 ஆட்டம்தான், அதிலும் பெரும்பாலானவை தங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே, அதாவது தாங்கள் சேர்ந்திருக்கும் காலேஜ் கூட்டமைப்புக்குள்ளேயே. ஓஹையோ ஸ்டேட் இருக்கும் கான்ஃபரன்ஸுக்கு பிக் டென் என்று பெயர், உள்ளே 18 அணி இருக்கிறது, அதை விடுங்கள். தெற்கே எஸ்இசி, அதில் 16. இந்த அணி 11 வெற்றி, அந்த அணி 11 வெற்றி, இரண்டும் ஒரு தடவைகூட மோதியதில்லை என்றால் எது பெரிது? பட்டியல் சொல்லாது. 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி டெக்சஸில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சொல்கிறது. மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றாலே வம்புதானே.

முன்பு இதைவிட மோசம். பிளேஆஃப் என்றே ஒன்று கிடையாது. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டு ஒரு சாம்பியன், பயிற்சியாளர்கள் ஓட்டுப் போட்டு ஒரு சாம்பியன். 1997-இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் ஆளுக்குப் பாதிக் கிரீடம் வாங்கிக்கொண்டு போயின. 1998 முதல் பி.சி.எஸ். என்று ஒன்று வந்தது. ஓட்டு, கம்ப்யூட்டர் கணக்கு எல்லாம் கலந்து முதல் இரண்டு அணிகளை எடுத்து இறுதி ஆட்டம். 2004-இல் ஆபர்ன் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஆனாலும் வெளியே நின்றது. ஏனென்றால் தோற்காத வேறு அணிகளும் இருந்தன, நாற்காலி இரண்டுதான். தோற்காதவனை நீ சாம்பியன் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

2014-இல் நாலு அணி ஆனது. முதல் வருஷமே நம் ஓஹையோ ஸ்டேட் நாலாவது ஆளாக உள்ளே புகுந்து கோப்பையைத் தூக்கியது. அப்போது எனக்கு நாலே சரி என்று தோன்றியது. நம் ஆள் ஜெயித்தால் எல்லாச் சட்டமும் நியாயமாகத்தான் தெரியும்! 2017-இல் சென்ட்ரல் ஃப்ளோரிடா ஒன்றும் தோற்காமல் இருந்தும் கமிட்டி திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் சீஸன் முடிவில் நடக்கும் பீச் பவுல் ஆட்டத்தில் ஆபர்னை அடித்துவிட்டு, நாங்களே சாம்பியன் என்று தாங்களே அறிவித்து ஊர்வலமும் போனார்கள். 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் கதை இன்னும் கொடுமை. 13-0, அதாவது 13 வெற்றி, தோல்வியே இல்லை, கான்ஃபரன்ஸ் சாம்பியன். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கால் உடைந்து படுத்துவிட்டார் என்று சொல்லி அவர்களைத் தள்ளிவிட்டு, ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவை எடுத்தார்கள். அந்தப் பையன் காலை உடைத்துக்கொண்டது மொத்த அணிக்கும் குற்றமாகிவிட்டது.

இந்த இரண்டு மூன்று கதையிலேயே என் பதில் இருக்கிறது. எத்தனை அணி வைத்தாலும் கோட்டுக்கு வெளியே நிற்பவன் கத்தத்தான் செய்வான். அந்தக் கத்தலில் நியாயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு அணி இருந்தபோது கத்தியது தோற்காத ஆபர்ன். நாலு இருந்தபோது கத்தியது தோற்காத ஃப்ளோரிடா ஸ்டேட். 2024-இல் 12 ஆக்கினார்கள், அந்த வருஷம் கத்தியது மூன்று ஆட்டம் தோற்ற அலபாமா. அதில் ஒன்று வாண்டர்பில்ட்டிடம்! படிப்புக்குப் பேர்போன, ஃபுட்பாலில் பல காலம் எல்லோரும் போகிற போக்கில் அடித்துவிட்டுப் போன அணி அது. அவர்களிடம் தோற்றுவிட்டு எனக்கு நாற்காலி இல்லையா என்றால், பரிதாபப்பட ஆள் ஏது? 2025-இல் நோட்ர டேம் 10-2 என்று இருந்தும் வெளியே நின்றது. அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஏனென்றால் உள்ளே போன மயாமியும் அதே 10-2. ஆனால் சீஸனின் முதல் ஆட்டத்திலேயே மயாமியிடம் தோற்றது அவர்கள்தானே. வெளியே போகிறவன் தன்னைத்தானே நொந்துகொள்கிற அளவுக்கு இடம் இருந்தால் போதும். அது 12-இல் கிடைத்துவிட்டது.

இன்னொரு காரணம், கண்ணால் பார்த்தது. 12 அணியில் முதல் நாலுக்கு ஒரு சுற்று ஓய்வு. மீதி எட்டும் முதல் சுற்றில் மோதும், தரவரிசையில் மேலே உள்ளவரின் சொந்த மைதானத்தில். 2024 டிசம்பர் 21, சனிக்கிழமை ராத்திரி, ஆரஞ்சு நிற டென்னஸி அணி இங்கே ஆட வந்தது. என்னிடம் டிக்கெட் இல்லை, மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள லேன் அவென்யூவில் சும்மா நின்றேன். குளிர் உறைநிலைக்குக் கீழே, காபி கப் கையில் இருக்கும்போதே ஆறிவிடும். தெருவில் பாதி ஆரஞ்சு நிறம்! அத்தனை தூரத்திலிருந்து காரோட்டி வந்திருக்கிறார்கள். வெற்று மார்பில் ஆரஞ்சு சாயம் பூசிக்கொண்டு ஒரு பையன் நின்றான், அவன் அம்மா ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே. லட்சம் பேர் உட்காரும் மைதானத்திலிருந்து முதல் டச்டவுனுக்கு எழுந்த சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது. 42-17, நாம் ஜெயித்தோம். எட்டு அணி போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அன்று ராத்திரி 12 பக்கம் சாய்ந்தேன். காலேஜ் ஊரிலேயே நடக்கும் இந்த நாலு ஆட்டம் எட்டு அணி ஏற்பாட்டில் இருந்திருக்காது.

அப்படியென்றால் 16, 24 இன்னும் நல்லதுதானே என்பார் உங்கள் மேஜைக்காரர். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, ஒரு படி கீழே உள்ள பிரிவில் 24 அணி பிளேஆஃப் பல வருஷமாக நடக்கிறது. ஓய்வு கொடுப்பதால் லாபமும் இல்லை என்று அவர் வாதாடலாம்: இரண்டு வருஷத்தில் முதல் சுற்று ஓய்வு வாங்கிய எட்டு அணிகளில் ஏழு, அடுத்த ஆட்டத்திலேயே தோற்றன. இண்டியானா ஒன்றுதான் தப்பித்து, 16-0 என்று கோப்பையும் வாங்கியது. மூன்று வாரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்தால் துரு ஏறாமல் என்ன செய்யும்? ஆனால் அதற்கு மருந்து தேதிகளை நெருக்கி வைப்பது. கூட்டத்தைச் சேர்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2024-இல் ஓஹையோ ஸ்டேட் ஆடியது 16 ஆட்டம். சம்பளத்துக்கு ஆடும் என்எஃப்எல்-லிலேயே வழக்கமான சீஸன் 17-தான். டிசம்பரில் பரீட்சை எழுதவேண்டிய பத்தொன்பது வயதுப் பையன்கள் இவர்கள். 24 வேண்டும் என்பவர்கள் நியாயம் பேசுவதாகத் தெரிந்தாலும் பின்னால் ஓடுவது டிவி பணம். இப்போதைய ஒப்பந்தமே ஆறு வருஷத்துக்கு 780 கோடி டாலர்.

"அணியைக் கூட்டினால் மிச்சிகன் ஆட்டத்துக்கு மதிப்பு போய்விடும்" என்றும் ஒருவர் சொல்வார், எல்லா மேஜையிலும் ஒருவர் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று இங்கேயே மிச்சிகனிடம் 13-10 தோற்றோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார், அன்று மாலையே வாசலில் இருந்த கொடியைச் சுருட்டிவிட்டார். நாலு அணிக் காலமாக இருந்தால் அத்தோடு சீஸன் முடிந்திருக்கும். ஏழு வாரம் கழித்து அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23 என்று வென்று நாம் சாம்பியன். மறுநாள் கொடி மறுபடி பறக்கிறது, அவர் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார். வாழ்த்துச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, மண்வாரியை ஊன்றி நின்று, "அந்த மிச்சிகன் ஆட்டத்தில் ஏன் நடுவிலேயே முட்டி முட்டி ஓடினார்கள்?" என்று ஆரம்பித்தார். கோப்பை வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இந்த ஊரில் அந்த ஆட்டத்தின் மதிப்பு அவ்வளவு சுலபத்தில் போகாது. ஆனால் 24 ஆனால், நாலு ஆட்டம் தோற்றவனுக்கும் இடம் உண்டு என்றால், அக்டோபரில் நடக்கும் மற்ற சனிக்கிழமைகளை யார் பார்ப்பார்கள்?

சின்னக் காலேஜ்களுக்கு எதற்கு இடம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2025-இல் டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் முதல் சுற்றிலேயே அடி வாங்கின, உண்மைதான். ஆனாலும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் ஐந்து பேருக்கு நிச்சய இடம் என்ற விதி இருக்கட்டும். கதவைச் சாத்திவிட்டு தேசிய சாம்பியன் என்று சொல்லிக்கொள்வது அழகில்லை.

உங்கள் மேஜையில் இவ்வளவையும் சொல்லாதீர்கள், சாப்பாடு ஆறிவிடும். "பன்னிரண்டு போதும், முதல் சுற்று காலேஜ் ஊரிலேயே நடக்கட்டும்" என்று சொல்லுங்கள், மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். யாராவது தெருவில் "ஓ-எச்!" என்று கத்தினால் பயப்படாமல் "ஐ-ஓ!" என்று பதில் கத்துங்கள், சேர்த்தால் ஓஹையோவின் ஆங்கில எழுத்துகள். அப்புறம், அந்தக் கருநீல ஸ்வெட்டர் இருந்தால் நவம்பர் கடைசி வாரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.