ஒரே பூஜையறை, இரண்டு மனம்

கேள்வி: மூத்தவன் ஒரு பிரதோஷத்தைக்கூடத் தவறவிடமாட்டான். இளையவன் கோயிலுக்கு வந்தால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடுகிறான். வளர்ப்பில் எங்கே தவறினோம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் எங்கும் தவறவில்லை அம்மா. பக்தி நாட்டம் ஆளுக்கு ஆள் மாறுவதில் கணிசமான பங்கு பிறவியிலேயே வருகிறது. இதைக் கண்டறிய ஆய்வாளர்கள் இரட்டையரை நாடுகிறார்கள். ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரண்டு கருமுட்டைகளில் உருவானவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான். இரு வகையினருமே ஒரே வீட்டில் வளர்கிறவர்கள். முதல் வகையினர் பக்தியில் கூடுதலாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதலை மரபணுவின் கணக்கில் எழுதலாம்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வளர்ந்த ஆண் இரட்டையரிடம் சிறுவயதில் பக்தி எப்படி இருந்தது, இப்போது எப்படி என்று கேட்டார்கள். முடிவு 2005இல் வெளியானது. சிறுவயது வேறுபாட்டில் மரபணுவின் பங்கு 12 சதவீதம், குடும்பச் சூழலின் பங்கு 56. வளர்ந்தபின் மரபணு 44க்கு ஏறியது, குடும்பம் 18க்கு இறங்கியது. கைக்குள் இருக்கும்வரை பிள்ளை நம்மோடு விளக்கேற்றுவான். சொந்தக் காலில் நின்றதும் அவன் சுபாவம் மேலே வரும்.

இந்த எண்களைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். உங்கள் மகனின் பக்தியில் 44 சதவீதம் மரபணு என்று அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைத்தான் அது அளக்கிறது. சிறுவயது விவரமும் நினைவிலிருந்து சொன்னதே. எந்தச் சாமி என்பதை வீடும் ஊரும்தான் தருகின்றன.

பெற்றோரின் நடத்தைக்கும் இதில் இடமுண்டு. நம்பிக்கைக்காகப் பெரியவர்கள் என்ன சிரமப்படுகிறார்கள் என்பதைப் பார்த்தே பிள்ளைகள் நம்பப் பழகுகிறார்கள் என்று மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009இல் விளக்கினார். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்ற மிரட்டல் ஒட்டாது. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்துகொண்டே மற்றவர்களுக்குச் சமைத்துப் போடும் அம்மா மனசில் நிற்பாள்.

கேள்வி: நன்றாக யோசிக்கிறவர்கள் நாத்திகர்களாகத்தான் இருப்பார்கள் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: 2012இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு இந்த எண்ணத்தைப் பரப்பியது. பிரெஞ்சுச் சிற்பி ரொதானின் ‘சிந்திப்பவன்’ சிலைப் படத்தைப் பார்த்தவர்கள், வட்டெறிபவன் சிலையைப் பார்த்தவர்களைவிடக் கடவுள் நம்பிக்கையைக் குறைத்துச் சொன்னார்கள். கலந்துகொண்டவர்கள் வெறும் 57 பேர். 2017இல் 900க்கும் மேற்பட்டவர்களிடம் அதையே செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சின்னக் கூட்டத்தில் தற்செயலும் பெரிய விளைவாகத் தெரியும். நிதானித்து யோசிக்கும் பழக்கத்துக்கும் நம்பிக்கைக் குறைவுக்கும் லேசான தொடர்பு உண்டு, அதுவும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. கணித மேதை ராமானுஜன் தன் கண்டுபிடிப்புகளை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்றார். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் தன்னை நாத்திகர் என்றே சொன்னார். இவர்களில் யோசிக்காதவர் யார் என்று நண்பரைக் கேளுங்கள்.

கேள்வி: சந்நிதியில் அக்காவுக்குக் கண் கலங்குகிறது. எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை. என்னிடம் என்ன குறை?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: குறை ஒன்றும் இல்லை. பாட்டிலோ கதையிலோ தன்னை மறந்து ஆழ்ந்துபோகும் இயல்பு சிலருக்கு அதிகம். அதை அளக்க 34 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலே இருக்கிறது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம் ஆய்வு செய்த தன்யா லூர்மன், இதில் அதிகம் பெற்றவர்களே கடவுளைக் கூடுதலாக உணர்வதைக் கண்டார். பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்: நாளுக்கு அரை மணி, வாரம் 6 நாள், 4 வாரம். பைபிளின் 23ஆம் சங்கீதத்தில் கடவுளைக் குறிக்கும் மேய்ப்பனை முகம், கண், நடை என ஒவ்வொன்றாக மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். பயின்றவர்களுக்கு மனக்காட்சி கூர்மையானது.

நம் பக்தி மரபில் இதற்குப் பாதாதிகேசம் என்று பெயர். முழு உருவத்தையும் ஒரேயடியாகப் பிடிக்கப் பார்த்தால் எல்லாம் மங்கலாகிவிடும். திருவடியில் தொடங்குங்கள். சலங்கையின் ஒரு மணி தெளிவாகத் தெரிந்த பிறகு மேலே போங்கள்.