கூடைப்பந்து தெரியாதவர் 'தி லாஸ்ட் டான்ஸ்' பார்க்கலாமா? அதில் மைக்கேல் ஜோர்டனைப் பற்றிச் சொல்வதை நம்பலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். 2020இல் வந்த இந்த 10 பகுதி ஆவணத் தொடருக்கு ஆட்ட விதிகள் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஜோர்டன் ஆடிய அமெரிக்கக் கூடைப்பந்து அணியான சிகாகோ புல்ஸின் 1997-98 பருவம்தான் முதுகெலும்பு. அந்த வருடம் முழுக்க ஒரு படக்குழு அணியோடு கூடவே இருந்தது. அந்தக் காட்சிகள் ஏறக்குறைய இருபது வருடம் கிடப்பில் கிடந்தன, ஜோர்டன் சம்மதம் கிடைத்த பிறகே படமாயின. அப்புறம் கதை முன்னும் பின்னும் தாவும்: 1993இல் அப்பா கொலையானது, ஓய்வு, பேஸ்பால் ஆடப் போனது, 1995இல் திரும்பியது.

எனக்கு மிகவும் பிடித்தது ஏழாம் பகுதியின் முடிவு. சக வீரர்களை ஏன் அவ்வளவு கடுமையாக நடத்தினார் என்று சொல்லிக்கொண்டே வருகிறார், கண் கலங்குகிறது, போதும் என்று எழுந்துவிடுகிறார். ஆறு கோப்பைகளுக்கு அவர் கொடுத்த விலை அந்த முகத்தில் தெரியும்.

நம்புவது பற்றி: தயாரிப்பில் ஜோர்டனின் சொந்த நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. இது சின்ன விஷயம் இல்லை. அணி மேலாளர் ஜெர்ரி கிரவுஸ் வில்லன் போலத் தெரிகிறார். ஆனால் அவர் 2017லேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை. தன்னைக் காட்டிய விதம் ஜோர்டனின் சக வீரர் ஸ்காட்டி பிப்பனுக்கும் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். ஆகவே இதை ஜோர்டன் தரப்பு வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு பாருங்கள்.