எது முன்னே, எது பின்னே? தொடக்க வகுப்புப் பாடத் திட்டமிடல்: வாசகர் கேள்வி–பதில்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் எந்தப் பாடத்தில் எதை எப்போது கற்க வேண்டும் என்று கேட்டு ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பிலும் சேர்த்து 27 பிள்ளைகள். எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடமும் என்று டைம் டேபிள் போட்டால், ஒரு பாடத்துக்கு இருபது நிமிடம்கூடத் தேறவில்லை. ஆண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?
– இடைநிலை ஆசிரியை, தர்மபுரி மாவட்டம்

ப: பாடநூலை அப்புறம் எடுக்கலாம். முதலில் நாட்காட்டியை விரியுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 1–5 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று வரையறுத்திருக்கிறது. சராசரியாக நாளுக்கு நான்கு மணி. தேர்வு நாட்கள், விழா ஒத்திகை, உங்களில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாட்கள் எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. அவற்றைக் கழித்து எஞ்சும் நாட்களை மட்டும் பங்கு போடுங்கள். மூன்று பருவங்களில் இரண்டாவதுதான் பெரும்பாலும் ஏமாற்றும். அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பண்டிகை விடுமுறைகளும் மழை விடுமுறைகளும் சேர்ந்து வரும். அந்தப் பருவத்தில் ஒரு முழு வாரத்தை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருந்தால்தான் ஜனவரியில் மூச்சுவிட முடியும்.

அடுத்து, 1–3 ஒரு அறை, 4–5 ஒரு அறை. காலை நேரம் முழுக்க மொழிக்கும் கணக்குக்கும். இந்த இரண்டிலும் வகுப்பைப் பார்க்காதீர்கள், நிலையைப் பாருங்கள். 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு (முதல் நிலை), மொட்டு (இரண்டாம் நிலை), மலர் (மூன்றாம் நிலை) என்ற பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு அரும்பு வேலைதான் தர வேண்டும். பெற்றோர் கேட்பார்களே என்று மலர் பயிற்சி நூலை நிரப்பச் சொன்னால், பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதப் பழகும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

ஒரு குழுவோடு நீங்கள் உட்காரும் பதினைந்து நிமிடம் மற்ற இரண்டு குழுக்களும் தாமாக வேலை செய்ய வேண்டும். பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளில் திட்டம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புதிய வேலையைக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடமே "டீச்சர், இது எப்படி?" என்று வந்து நிற்பார்கள். பார்த்து எழுதும் வேலை கொடுத்தால் சீக்கிரம் முடித்துவிட்டுச் சண்டை போடுவார்கள். நேற்று உங்களோடு சேர்ந்து செய்த வேலையின் இன்னொரு வடிவம்தான் இன்றைய தனிவேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று ஈர்க்குச்சிக் கட்டுகளால் 34ஐ அமைத்தார்கள் என்றால், இன்று எட்டு எண் அட்டைகளைக் கொடுத்து அவற்றுக்குக் கட்டுகள் வைக்கச் சொல்லுங்கள்.

பிற்பகலில் அறிவியலும் சமூக அறிவியலும். 4, 5 வகுப்புகளின் பாடங்களில் ஒரே விஷயத்தைத் தொடுபவற்றை ஒரே வாரத்தில் வைத்தால் செயல்பாடு ஒன்று போதும். எழுத்து வேலை மட்டும் வகுப்புக்கு வேறு.

கே: பயிற்சியில் 'கருப்பொருள் வழி ஒருங்கிணைப்பு' என்று சொன்னார்கள். 'தண்ணீர்' என்று தலைப்பு எடுத்து மூன்றாம் வகுப்பில் ஒரு வாரம் நடத்தினேன். தமிழில் மழைப் பாட்டு, கணக்கில் குடங்களை வைத்துப் பெருக்கல், ஓவியத்தில் ஆறு. பிள்ளைகளுக்கு உற்சாகம்தான். ஆனால் வார முடிவில் புதிதாக என்ன கற்றார்கள் என்று சொல்லத் தெரியவில்லை.
– தொடக்கப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

ப: குடத்துக்குப் பதில் மாம்பழம் என்று போட்டாலும் அந்தப் பெருக்கல் மாறாது. அது தண்ணீரைப் பற்றி எதையும் கற்றுத்தராது. தலைப்பு ஒன்றாக இருப்பதால் மட்டும் பாடங்கள் இணைந்துவிடா. ஒரு பாடத்தில் கற்ற திறன் இல்லாமல் இன்னொரு பாடத்தின் வேலை நடக்காது என்ற இடத்தில்தான் உண்மையான இணைப்பு இருக்கிறது. அதனால் திட்டமிடும்போது 'இந்தத் தலைப்பில் எல்லாப் பாடத்துக்கும் என்ன இருக்கிறது?' என்று தேடாமல், 'இந்தச் சோதனையைச் செய்யப் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று கேளுங்கள்.

தண்ணீர் ஆவியாவதையே எடுத்துக்கொள்வோம். அகலமான தட்டிலும் குறுகிய டம்ளரிலும் சம அளவு தண்ணீர் வைத்து, எதில் அதிகம் குறைகிறது என்று பார்க்க வேண்டும். 'குறைந்துவிட்டது' என்று கண்ணால் பார்த்துச் சொல்வது இரண்டாம் வகுப்புக்குப் போதும். மூன்றாம் வகுப்பில் எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்ல வேண்டும். அதற்கு லிட்டரும் மில்லிலிட்டரும் கணக்குப் பாடத்தில் முன்பே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அறிவியல் பாடத்தைத் தள்ளி வையுங்கள், அல்லது கணக்குப் பாடத்தை முன்னே இழுங்கள். ஒருங்கிணைப்பு என்பதில் முக்கால்வாசி வேலை இப்படி இடம் மாற்றுவதுதான்.

முதல் வாரம் கணக்கு. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் நெட்டுக்குத்தாக ஒரு காகிதப் பட்டையை ஒட்டுங்கள். 200 மி.லி. டம்ளரால் ஒவ்வொரு முறை ஊற்றியதும் மட்டத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஐந்து டம்ளரில் ஒரு லிட்டர். வீட்டு டம்ளர்கள் ஒன்றுபோல் இருக்காது என்பதால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்து முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். பாட்டிலின் அடியில் உள்ள குழிகளால் முதல் 200 மி.லி. மட்டும் மற்றவற்றைவிட உயரமாக நிற்கும். பிள்ளைகள் "தப்பா ஊத்திட்டோம்" என்பார்கள். குழிகள் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்துக்கு 0 என்று எழுதிவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இப்போது கோடுகள் சம இடைவெளியில் விழும். அளவுகோலில் சுழியம் எங்கே வைக்கிறோமோ அங்கிருந்துதான் அளவு தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். நின்றபடி மேலிருந்து பார்த்துக் குறித்தால் கோடு தவறும். முட்டி போட்டுக் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்கப் பழக்குங்கள்.

அடுத்த வாரம் அறிவியல். 200 மி.லி. கோடுகள் இந்தச் சோதனைக்குப் போதாது, வித்தியாசம் அதைவிடச் சிறியது. ஊசி இல்லாத புதிய 10 மி.லி. சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து முறை இழுத்து ஊற்றினால் 100 மி.லி. தட்டிலும் டம்ளரிலும் அப்படி ஊற்றிக் காலை பத்து மணிக்கு வெயிலில் வைத்து, ஒரு மணிக்கு மறுபடி சிரிஞ்சால் உறிஞ்சி எண்ணச் சொல்லுங்கள். தட்டைச் சாய்த்துத் தண்ணீரை ஓரத்துக்குக் கொண்டுவந்து உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் ஒட்டியிருக்கும் தண்ணீரும் ஆவியானதாகக் கணக்கில் சேர்ந்துவிடும். மழைநாளில் இதைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமளவு வராது.

தமிழ் இங்கே தானாக வந்து சேரும். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, ஏன் என்று நான்கு வாக்கியங்கள். 'ஏன்' என்ற நான்காவதில்தான் பிள்ளைகள் நிற்பார்கள். 'ஏனென்றால்', 'அதனால்' என்ற இரண்டு சொற்களையும் பலகையில் எழுதிவையுங்கள். தெரு மழைநீர் எந்த வழியாக ஏரிக்குப் போகிறது என்ற வரைபடம் சமூக அறிவியலுக்கு நல்ல வேலை. அதுவும் திசைகள் படித்த பிறகுதான். பாட்டையும் ஓவியத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை, அவை அவற்றுக்குரிய வேளையில் நடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. எழுத்தறிமுகமும் இடமதிப்பும் எந்தத் தலைப்புக்காகவும் வரிசை மாறக் கூடாது. 'மழை' என்ற கருப்பொருளுக்காக ழகரத்தையும் ஐகாரக் குறியையும் முதல் வாரத்தில் கொண்டுவந்தால் அரும்பு நிலைப் பிள்ளை திணறும்.

கே: மகள் ஆங்கில வழியில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் தமிழ் வாசிக்கத் திணறுகிறாள். உயிர்மெய் அட்டவணையைத் தினமும் ஒப்பிக்கச் சொல்கிறேன். பயனில்லை.
– வாசகி, திருப்பூர்

ப: அட்டவணையை ஒப்பிப்பது காதுக்குத்தான் பழகும், கண்ணுக்குப் பழகாது. 247 எழுத்தையும் முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போக வேண்டியதில்லை. ட, ப, ம மூன்றும் கோணமும் கோடுமாக எளிய வடிவங்கள். புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று அன்றைக்கே சொற்கள் கிடைக்கும். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம். பிறகு இகர, ஈகாரக் குறிகள், அதன்பின் கொம்பு வகைகள்.

உகர வரிசைக்குத் தனி இடம் கொடுங்கள். வீடு, மாடு, ஆறு என்று தமிழில் நிறையச் சொற்கள் உகரத்தில் முடிவதால் அதைக் கடைசிக்குத் தள்ள முடியாது. ஆனால் அதன் வடிவங்கள் ஒன்றுபோல் இல்லை. மூன்று கூட்டமாகப் பிரித்துக் காட்டுங்கள்: டு, மு, ரு, ழு, ளு ஒன்று. சு, பு, யு, வு ஒன்று. து, நு, லு, று, ணு, னு ஒன்று. கு தனியாக நிற்கட்டும். நாளுக்கு ஒரு கூட்டம், பத்து நிமிடம். பேச்சு வீட்டில் இருப்பதால் வாசித்த சொல்லின் பொருள் அவளுக்கு உடனே புரியும். அது பெரிய பலம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை என்பதால், அங்கே வாசிப்பதற்கு முன் கேட்பதும் பேசுவதும் கூடுதலாக வேண்டும்.

கே: 52இல் 27 போனால் 35 என்கிறான் மூன்றாம் வகுப்புப் பையன். நூற்று ஐந்தை 1005 என்று எழுதுகிறான். கவனக்குறைவா?
– பெற்றோர், மதுரை

ப: இல்லை. இரண்டும் ஒரே குறையின் இரண்டு முகங்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறான். எந்த இடத்தில் எது இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியது என்று அவனாக ஒரு விதி வைத்திருக்கிறான். 1005ம் அப்படித்தான், காதில் விழுந்தபடி 100ஐ எழுதி அருகில் 5ஐ வைக்கிறான். இலக்கம் நிற்கும் இடத்துக்கு மதிப்பு உண்டு என்பது இன்னும் பதியவில்லை. கூடுதல் கணக்குகள் போடச் சொன்னால் அந்தத் தவறான விதிதான் உறுதிப்படும்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு வையுங்கள். 27 எடுக்கச் சொல்லுங்கள். உதிரி போதாமல் ஒரு கட்டை அவன் கையாலேயே பிரிக்க வேண்டும். பிரித்தால் உதிரி 12, கட்டு 4. ஏழு எடுத்தால் 5, இரண்டு கட்டு எடுத்தால் 2 கட்டு மீதி. விடை 25. பிரித்த அந்தக் கணத்தில்தான் 'கடன் வாங்குவது' என்றால் என்ன என்று எழுதிக் காட்ட வேண்டும். குச்சி வேலை ஒரு நாள், எழுத்து வேலை இன்னொரு நாள் என்று பிரித்தால் இரண்டுக்கும் தொடர்பு விழாது.

கே: வாசிப்பு வேகம் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்கிறார்களே, தமிழுக்கு அது பொருந்துமா?
– ஆசிரியர் பயிற்றுநர், தஞ்சாவூர்

ப: அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவில் 45–60 சொற்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்கள் என்று இலக்கு வைத்தது. 'ஓடிக்கொண்டிருந்தபோது' என்பது தமிழில் ஒரு சொல். அதையும் 'பூ'வையும் ஒன்றாக எண்ணினால் பத்திக்குப் பத்தி முடிவு மாறும். ஆகவே பத்தியைத் தேர்ந்தெடுக்கும்போதே பெரும்பாலான சொற்கள் மூன்று, நான்கு எழுத்தில் இருக்கும்படி பாருங்கள். ஆண்டு முழுக்க அதே தரத்துப் பத்திகளை வைத்து, ஒரு பிள்ளையின் வேகத்தை அதே பிள்ளையின் முந்தைய வேகத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பாடநூல் பத்தி வேண்டாம், மனப்பாடமாக வந்துவிடும். படித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள், அதில் ஒன்று பத்தியில் நேரடியாக விடை இல்லாததாக இருக்கட்டும். தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டு ஒன்றுக்கும் பதில் சொல்லாத பிள்ளைக்கு வேகப் பயிற்சி தேவையில்லை.

கே: மூன்றாம் வகுப்பில் ஆண்டுகளோடு வரலாறு சொல்லித்தரலாமா?
– வாசகர், நாமக்கல்

ப: கதையாகச் சொல்லலாம், ஆண்டை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். நான்கிலக்க எண் அவர்களுக்கு இன்னும் பழகியிருக்காது. ஒரு கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் பத்து ஆண்டு என்று வைத்துப் பிள்ளை பிறந்தது, அம்மா பிறந்தது, பாட்டி பிறந்தது, நாடு விடுதலை பெற்ற 1947 எல்லாவற்றுக்கும் அட்டை தொங்கவிடுங்கள். ராஜராஜன் முடிசூடிய 985க்கு அதே கயிறு பத்து மீட்டருக்கு மேல் நீளும், வகுப்பறைக்குள் அடங்காது. வெளியே மைதானத்தில் இழுத்துக் காட்டுங்கள்.

கே: வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தினூடே வகுப்பில் நடப்பது) செயல்திட்டம் என்றாலே தெர்மாகோல் மாதிரிதான். கடையில் வாங்கியதற்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. வேறு வழி?
– பட்டதாரி ஆசிரியை, சென்னை

ப: முப்பருவ முறையோடு 2012–13இல் வந்த தொடர் மதிப்பீட்டில் 40 மதிப்பெண் வளரறிக்கு, 60 தொகுத்தறிக்கு, அதாவது பருவ இறுதித் தேர்வுக்கு. அந்த 40க்கு வீட்டிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டும் என்று எங்கும் கட்டாயமில்லை. வகுப்பிலேயே, உங்கள் கண் முன்னே, இரண்டு பீரியடில் முடியும் வேலையாகக் கொடுங்கள். மேலே சொன்ன ஆவியாதல் சோதனை அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்தே போதும். அளந்தது சரியா, குறித்தது சரியா, காரணத்தைத் தன் வார்த்தையில் சொன்னதா என்ற மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவைத்தால், பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைக்கு எங்கே உதவி வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொல்லலாம். ஐந்து பிள்ளைகளுக்கு மேல் ஒரே குழுவில் சேர்க்காதீர்கள், ஆறாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும்.