வயலில் கேமரா: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும்

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் வரப்போரம் கம்பம் நட்டு கேமரா வைத்திருக்கிறார். எங்கள் கிணற்றடியும் வீட்டு வாசலும் அதில் விழுகின்றன. கேட்டால் "என் நிலம், என் கேமரா" என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: கம்பம் அவர் நிலத்தில் நிற்பது சரி. கேமராவின் பார்வை எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். செக் நாட்டில் ஒருவர், தன் வீட்டு ஜன்னலை உடைத்தவர்களைக் கண்டுபிடிக்க கேமரா வைத்தார். அது தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துப் பதிவு செய்தது. பொது இடத்தைப் பிடிக்கும் கேமராவுக்கு 'சொந்த உபயோகம்' என்ற விலக்கு கிடையாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் சொந்தத் தேவைக்குச் செய்வதைத் தொடுவதில்லை. அதனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பெண்கள் மறைவாகக் குளிக்கிற, உடை மாற்றுகிற இடம் பதிவாகிறது என்றால் கதையே வேறு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி அது குற்றம். காவல் நிலையத்துக்கே போகலாம். அதற்கு முன் அவர் மொபைலில் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இப்போது பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதைச் செய்யும்படி எழுத்தில் கேளுங்கள், கேமரா திரும்பியிருக்கும் திசையைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் கோபம் நியாயமானது.

கேள்வி: ஐந்து ஏக்கரையும் ஒரே கேமராவில் பார்க்கவேண்டும். எவ்வளவு அகலமான லென்ஸ் வாங்கலாம்?

பதில்: அகலமான லென்ஸே வேண்டாம். இது எனக்கு வெகுநாளாக இருக்கும் மனக்குறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அறிமுகமில்லாத ஒருவரை முகம் வைத்து அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்) வேண்டும் என்பது இந்தத் துறையின் அளவுகோல். இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படத்தில் குறுக்கே 1920 பிக்சல்தான் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், முகம் தெரியும்படி பிடிக்கக்கூடிய அகலம் எட்டு மீட்டர்கூட வராது. கடைகளில் அதிகம் தள்ளிவிடப்படும் 2.8 மில்லிமீட்டர் அகல லென்ஸில், மூன்று நான்கு மீட்டரைத் தாண்டி நிற்கிறவரின் முகம் சாட்சிக்கு உதவாது. 12 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்பவரையும் அடையாளம் காணலாம். ஆனால் அது குறுகலாகத்தான் பார்க்கும். குறுகலாகப் பார்ப்பதுதான் வயலுக்கு நல்லது. திருடன் வயல் முழுக்க நடந்தாலும், உள்ளே வர ஒரு வாசல், கைவைக்க ஒரு மோட்டார் கொட்டகை என்று சில இடங்கள்தான் உண்டு. அங்கே குறுகிய லென்ஸை வைத்தால் முகம் கிடைக்கும், பக்கத்து நிலமும் படத்தில் வராது. முதல் கடிதத்தில் வந்த சண்டை பாதிக்கு மேல் இந்த அகல லென்ஸால் வருவதுதான். 'முழுத் தோட்டமும் ஒரே பார்வையில்' என்று பெட்டியில் அச்சிட்ட கேமரா ஒன்று எனக்கும் விற்கப்பட்டது. கொட்டகையில் டீசல் திருடு போன இரவில் பதிவானது ஒரு மங்கல் உருவம் மட்டும். பெட்டியில் போட்டதற்குத் தான் பொறுப்பில்லை என்றார் விற்றவர். பெட்டியில் இருக்கும் வாசகத்தை நம்பாதீர்கள். நீங்கள் வைக்கப்போகும் தூரத்தில் ஒருவரை நிறுத்தி, இருட்டிய பிறகு எடுத்த பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: போலி கேமரா மாட்டினால் போதாதா?

பதில்: போதாது. திருடனுக்கு அது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

கேள்வி: கேமரா பொருத்தியவர் அட்மின் பாஸ்வேர்டைத் தரமாட்டேன் என்கிறார். சர்வீஸுக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டுமாம். பணம் முழுவதும் கொடுத்துவிட்டேன்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எப்போது வருகிறார்கள், போகிறார்கள் என்பதை இந்த நிமிடம் அவரால் பார்க்க முடியும். முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். ரீசெட் செய்து புது பாஸ்வேர்டு போடுங்கள், பயனர் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். அவருடைய மொபைல் கணக்கோடு கேமரா இணைந்திருந்தால் ரீசெட் மட்டும் போதாது. ரசீதோடு தயாரிப்பாளருக்கு எழுதி அந்த இணைப்பை அறுக்கச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். புது பாஸ்வேர்டும் தொழிற்சாலையில் போட்டதாக இருக்கக்கூடாது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் போன்ற தீய மென்பொருள்), அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களில் புகுந்துதான் பெரிய இணையதளங்களை முடக்கியது.

கேள்வி: வேலையாட்கள் உடை மாற்றும் அறையில் பொருள் காணாமல் போகிறது. தெரியாமல் ஒரு கேமரா வைக்கலாமா?

பதில்: கூடாது. பூட்டு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மோட்டார் திருடு போய் மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பதிவு அழிந்திருக்கிறது. நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: எதற்கு? மெமரி கார்டு நிறைந்தால் பழையதன் மேல் எழுதும் என்று கையேட்டிலேயே இருக்கும். நீங்கள் அதைப் பிரிக்கவே இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. இனி மாதம் ஒருமுறையாவது எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்று பாருங்கள். திருட்டு நடந்தால் அன்றே பிரதி எடுங்கள். அந்தப் பிரதி நீதிமன்றத்தில் செல்லுபடியாக, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். காவல் நிலையத்தில் பிரதியைக் கொடுக்கும்போதே அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: என் கேமராவில் மைக்கும் இருக்கிறது. ஆன் செய்து வைக்கலாமா?

பதில்: அணைத்து வையுங்கள். வரப்பில் நின்று பேசுகிறவர்களின் பேச்சைப் பதிவு செய்வதைப் பல நாடுகளின் சட்டங்கள் படம் பிடிப்பதைவிடக் கடுமையாகப் பார்க்கின்றன. மோட்டாரைக் காப்பாற்ற அந்தப் பேச்சு உங்களுக்குத் தேவையும் இல்லை.